போலீஸ்காரியைக் காணோம்

ஜூன் 3

வாயாடிக்கு அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. காதுதான் இன்னும் கொஞ்சம் அடைத்துக்கொண்டது. போனில் நீ பேசினால், தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்த மாதிரி வெறும் காற்றுச் சத்தம்தான் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தால் கேட்கிறது. அதனால் நமக்குக் காகிதமே போதும். போனில் கோபம் வந்தால் பட்டென்று வைத்துவிடுவாய். காகிதத்தில் கோபப்பட்டால் மடித்து, ஒட்டி, தபாலில் போட வேண்டும். அதற்குள் பாதி ஆறிவிடும்.

உன் ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் வந்தார்கள். முழங்கால் வரைக்கும் வெள்ளைப் பூட்சு. கீழே இருக்கிற கிழங்கு வயலைப் புது மருந்துச் சோதனைக்குக் கேட்டார்கள். "உங்க பொண்ணுதான் இந்த இடத்தைச் சொன்னாங்க" என்றார்கள். வீட்டு வாசலை மறந்தவளுக்கு வயல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கொடுக்கிறேன். போன வருஷம் இலைதின்னி வண்டு வயலையே சல்லடையாக்கிவிட்டது. கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குத்தான் வந்தது. பழைய மருந்தை நான் இனிமேல் தொடுவதாக இல்லை. அதன் வாடை உன் அம்மா துணியில் துவைத்தாலும் போகாது. அவள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த அதே வாரம் நீ வேலை கிடைத்த காகிதத்தோடு வந்து நின்றாய். "நீயும் மருந்து காய்ச்சத்தானே போறே" என்றேன். சொன்னது சொன்னதுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் மருந்து போலீஸ்காரியை ஒன்றும் செய்யாதே?

"போலீஸ்காரியா? அது யாருங்க?" என்று தையல்காரம்மா பேனாவைத் தூக்கிவிட்டார். அவருக்குச் சொன்னதையும் எழுதச் சொல்கிறேன்: சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த குட்டி வண்டு. இலை இலையாக ரோந்து போய், சாற்றை உறிஞ்சி இலையைப் பிசுக்காக்குகிற அசுவினிப் பூச்சியைப் பிடித்துத் தின்னும். அம்மாவும் பெண்ணும் களை எடுக்கும்போது வைத்த பேர். "போலீஸ்காரி வந்தாச்சு, திருடனெல்லாம் ஓடு!" என்று நீ கத்துவது மேட்டு வயல் வரைக்கும் கேட்கும். எனக்கு அப்போது காது நன்றாக இருந்தது.

சின்னவன் வீட்டோடு வந்துவிடப் போகிறான், தெரியுமா? உன் தம்பிக்கு விவசாயிகள் சங்கத்தில் செயலாளர் வேலை. மாமா வீட்டில் பள்ளிக்கூடப் பெஞ்சிலேயே வளர்ந்த பிள்ளை, புழுவைப் பார்த்தால் காலைத் தூக்கிக்கொள்வான். அவன் சங்கத்தை நடத்தட்டும், பார்க்கலாம். தையல்காரம்மா தன் மகள் ஊருக்கே குடிபோகிறார். உன் பதில் ஒன்றைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போவேன் என்கிறார். அதற்குப் பிறகு படிப்பதும் எழுதுவதும் சின்னவன்தான்.

அப்பா


ஜூன் 11

அப்பாவுக்கு,

வாசலை நான் மறக்கவில்லை. "இந்தப் படி ஏறாதே" என்று சொன்னவர் யார் என்று தையல்காரம்மாவையே கேளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்கும் கேட்டிருக்கும்.

நாங்கள் காய்ச்சுவது விஷம் இல்லை. ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள்.

வண்டின் உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு உத்தரவு உண்டு. உள்ளே உட்கார்ந்திருக்கிற மரபணு உத்தரவு போடும். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தூதன் ஓடுவான். அவனுக்கு ஆர்.என்.ஏ. என்று பேர். முட்டையிலிருந்து வந்த வண்டுப் புழு வளர வேண்டுமானால் பழைய தோலைச் சட்டை மாதிரி கழற்றிப் போட வேண்டும், இல்லையா? 'சட்டையைக் கழற்று' என்ற உத்தரவுக்கு நாங்கள் ஒரு நகல் செய்து இலையில் தெளிக்கிறோம். புழு இலையோடு அதையும் தின்னும். அந்த நகலைப் பார்த்ததும், அதற்குப் பொருந்துகிற உத்தரவையெல்லாம் புழுவின் உடம்பே பாதி வழியில் வெட்டிவிடும். பொருந்தாத சொல்லைத் தொடாது. பக்கத்திலேயே போனாலும் விட்டுவிடும். இதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நகலை வெறுமனே தெளித்தால் வெயிலில் கெட்டுவிடும். அதனால் களிமண் தகட்டில் ஒட்டி அனுப்புகிறோம். அந்தத் தகடு கண்ணுக்கே தெரியாது. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் தகடு நிற்கும். இலையில் பிடித்தால் பிடித்ததுதான். பல வாரம் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகலை வெளியே விடும். மழை கழுவாது.

போலீஸ்காரிக்கு ஒன்றும் ஆகாது. அவள் உத்தரவில் எழுத்து வேறு. நானே ஒத்துப் பார்த்தேன்.

அம்மா மூச்சு இழுத்தது எனக்கும் மறக்கவில்லை. அதனால்தான் இந்த வேலை. அன்றைக்கு அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

வாயாடி


ஜூலை 1

வாயாடிக்கு அப்பா சொல்வது. எழுதுவது சின்னவன். இவன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறதாம், உன் கண்ணுக்கு நோகாது. உன் போன கடிதத்தைத் தலையணை உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியதை நேரில் பார்த்தால் சொல்கிறேன்.

தெளித்துவிட்டார்கள். விசிறி வைத்த யந்திரம் ஒன்று தலைக்கு மேலே தானாகப் போய்த் திரும்பி வந்தது. இலையெல்லாம் லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி ஆனது. இலைதின்னிப் புழு சில நாளிலேயே தின்பதை நிறுத்திவிட்டது. அதன் பிறகுதான் ஒன்றைக் குனிந்து பார்த்தேன். பழைய சட்டையைப் பாதி கிழித்து, தலையை வெளியே எடுக்கத் தெரியாமல் அதற்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை என்றேன். "போன வருஷம் நம்ம சோத்துல மண்ணைப் போட்ட பய, அவனுக்குப் போய்ப் பரிதாபப்படுறீங்களா?" என்கிறான் சின்னவன். நியாயம்தான்.

பக்கத்து நிலத்துத் தேன்காரர் வேலியில் நின்று சத்தம் போட்டார். "என் தேனீப் பெட்டிக்கு ஏதாவது ஆச்சு, நேரா போலீசுக்குப் போயிடுவேன்!" "போங்க, நானே வண்டி வெச்சுத் தரேன்" என்று இவன் பதிலுக்குக் கத்துகிறான். வந்ததும் வராததுமாக ஊர்ப்பகை.

ஆனாலும் வயலில் என்னவோ ஒரு அமைதி. இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்லக்கூடாது.

பயிர் மொத்தத்தில் மிகவும் திருப்திகரமான நிலையில் உள்ளது.

அப்பா


ஜூலை 12

அப்பாவுக்கு,

உங்களுக்குக் கொடுத்த வாக்கை இப்போது என்னால் காப்பாற்ற முடியுமா என்று தெரியவில்லை.

நான் ஒத்துப் பார்த்தது சின்ன நகல். நிறையச் செய்யும்போது ஆலையில் அதை நீளமாக்கியிருக்கிறார்கள். நீளமானதின் கடைசித் துண்டு, நன்மை செய்யும் வண்டின் உத்தரவுக்கும் பொருந்துகிறது. இலைதின்னியும் அதுவும் ஒரே வம்சம். கூடத்தில் சோதித்தபோது அந்த வண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாங்கள் டப்பாவில் வைத்து அசுவினியை மட்டும்தான் கொடுத்தோம். வயலில் அது இலைமேல் நிற்கிற பனித்தண்ணீரையும், அதில் கரைந்த மருந்தோடு குடிக்கும்.

மருந்துப் பீப்பாய்கள் உங்கள் சங்கத்துக் கிடங்கில் இறங்கிவிட்டன. மற்ற ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. என் கையெழுத்து வந்தால் எல்லா இடத்திலும் திறப்பார்கள். தெளித்த வயலைத் தினமும் பார்க்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்கள் வார்த்தையைக் கேட்டுத்தான் கையெழுத்தைப் போடுவேன், அல்லது நிறுத்துவேன். நன்மை செய்யும் வண்டுகள் இருக்கின்றனவா? இலை பிசுபிசுக்கிறதா? எறும்பு ஏறுகிறதா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நிறுத்தினால் என் வேலை போகலாம். அதைப் பார்க்காதீர்கள்.

தம்பி, அப்பா காதோரம் உட்கார்ந்து நிதானமாகப் படி.

போலீஸ்காரிகளை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வாயாடி


ஜூலை 20

வாயாடிக்கு அப்பா சொல்வது.

கடிதம் கிடைத்தது. நீ கேட்ட விவரங்களுக்குப் பதில் பின்வருமாறு. பயிர் செழிப்பாக உள்ளது. நன்மை செய்யும் பூச்சிகளுக்கு எவ்விதப் பாதிப்பும் காணப்படவில்லை. இலைகளில் பிசுபிசுப்பு இல்லை. எறும்பு இல்லை. ஆகவே தயக்கமின்றிக் கையெழுத்து இடலாம்.

போலீஸ்காரிகளை விசாரித்தாயாம். என்னத்தைச் சொல்ல? கொஞ்ச நாளாக ஒருத்தியையும் காணோம். வேலிப் பக்கம் போய் நின்றுகூடப் பார்த்துவிட்டேன். வரவில்லை.

(தேன்காரர் மிரட்டிய புகார் சம்பந்தமாகக் காவல் துறையினர் யாரும் இதுவரை வரவில்லை. அப்பா அதைத்தான் சொல்கிறார். — தம்பி)

என் கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல் விழுந்துவிட்டது. மற்றபடி நலம்.

அப்பா


ஜூலை 25

அப்பாவுக்கு,

பயிர் செழிப்பு என்று கேட்டு மிகவும் சந்தோஷம். தம்பி விவரமாக எழுதியிருக்கிறான், அவனுக்கு நன்றி. கையெழுத்து விஷயத்தை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் வேலையைப் பற்றி ஒன்றும் இல்லை. வெறும் ஊர்க்கதைதான். அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

போலீஸ்காரிகள் வருவதில்லை என்று எழுதினீர்கள். மனசு கேட்கவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளாவது கண்ணில் படுகிறார்களா? பிள்ளைகள் புதுச்சட்டை போட்டுவிட்டார்களா, இல்லை பழைய சட்டையோடுதான் இருக்கிறார்களா? ரோந்து இல்லாத தெருவில் திருடர்கள் நுழைவார்களே, நுழைந்துவிட்டார்களா?

அம்மா இருந்தால் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுவாள். இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். உடனே எழுதுங்கள் அப்பா. இந்தக் கதைக்காகத்தான் காத்திருக்கிறேன்.

வாயாடி


ஆகஸ்டு 1

வாயாடிக்கு அப்பா சொல்வது.

உன் ஊர்க்கதைக் கடிதத்தைக் கேட்டேன். நீ எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது. எனக்கும் பேச ஆளில்லை. சொல்கிறேன்.

போலீஸ்காரி வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டாய். பழைய சட்டைதான். ஒன்றுகூடப் புதுசு போடவில்லை. கழுத்துவரை கழற்றி, அதற்குமேல் வராமல், அப்படியே கிடக்கிறார்கள். தொட்டால் அசைவதில்லை. தாய்மார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

திருடர்கள் நுழைந்துவிட்டார்கள். நுழைந்தது மட்டுமா, குடும்பத்தோடு குடியேறிவிட்டார்கள். கீழ்மாடி, மேல்மாடி எல்லாம் அவர்கள்தான். தின்ற கையைக் கழுவாமல் தொட்ட இடமெல்லாம் ஒரே பிசுக்கு, பாகு கொட்டின மாதிரி. அதை நக்குவதற்குக் கறுப்பு வேலைக்காரர்கள் வரிசைகட்டி ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அவர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

சின்னவன் எழுதுவதை நிறுத்திவிட்டான். "என்னப்பா உளறுறீங்க? எந்தத் தெருவுல திருடன்? அக்கா பயந்துடுவா" என்கிறான். உளறல்தான், நீ எழுதுடா என்றேன். கிழவன் உளறினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொரு சங்கதி. சங்கக் கூட்டம் நம் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. உன் கடிதத்தைச் சின்னவன் எல்லாருக்கும் படித்துக் காட்டினான். 'பயிர் செழிப்பு என்று கேட்டு மிகவும் சந்தோஷம், கையெழுத்து விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்கள். எனக்கே கை தட்டினது கேட்டது. கையெழுத்து வருகிறபோது வரட்டும், பீப்பாயைத் திறப்போம் என்கிறார்கள். வருகிற வாரம் யந்திரத்தைப் பறக்கவிடப் போகிறார்கள். மேட்டு வயல், கால்வாய்க்கு அந்தப் பக்கம், எல்லாவற்றுக்கும்.

அப்பா

(அப்பாவுக்கு வயதின் காரணமாகச் சற்றுக் குழப்பம் உள்ளது. கவலைப்பட வேண்டாம். உன் பெயருக்கு இங்கே நல்ல மரியாதை. — தம்பி)


ஆகஸ்டு 6

அப்பாவுக்கும், இதை முதலில் பிரிக்கப்போகிற தம்பிக்கும்.

தம்பி, உனக்கு மூன்று தரம் போன் செய்தேன். "கூட்டத்துல இருக்கேன்க்கா" என்று வைத்துவிட்டாய். சங்கத்துக்குத் தந்தி மாதிரி ஒரு செய்தி அனுப்பினேன். அதைப் பிரித்துப் படிக்கிற செயலாளரும் நீதான்.

போலீஸ்காரி யார் என்று அப்பாவைக் கேள். பக்கத்தில்தானே இருக்கிறார், கேட்டுவிட்டு வந்து மீதியைப் படி.

கேட்டாயா? ஜூலை மாதம் நான் கேட்ட கேள்விக்கு அப்பா உன்னிடம் என்ன பதில் சொன்னார், அல்லது அந்தக் கேள்வியே அவர் காதுக்குப் போனதா, எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உனக்குப் புரிந்ததையெல்லாம் வெட்டினாய். உனக்குப் புரியாத ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டாய். அது வந்து சேர்ந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற ஊர்ப் பீப்பாய்களுக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. உங்கள் கிடங்குக்கும் ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் வரும்வரை யந்திரம் தரையில் நிற்கட்டும். நான் 'சந்தோஷம்' என்று எழுதியது உன் கண்ணுக்குப் போட்ட திரை. அதைப் போய்ச் சபையில் படிப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தப்பில் அந்தப் பங்கு என்னுடையது.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. அப்பா, அவன் எங்காவது நிறுத்தினால் முகத்தைப் பாருங்கள்.

வாயாடி


ஆகஸ்டு 14

வாயாடிக்கு அப்பா சொல்வது. எழுதுவது சின்னவன்தான். வேறு ஆள் தேடட்டுமா என்று கேட்டான். நீயே எழுது என்றேன். சொல்வதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் திருப்பிப் படிக்க வேண்டும். நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்து மறக்காது என்று அவனுக்கு இப்போது தெரியும்.

உன் கடிதத்தை முழுசாகப் படித்தான். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினான். நான் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டேன். போலீஸ்காரி யார் என்று சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் தேன்காரரு விஷயம்னு நெனச்சேம்பா" என்றான். சிரிப்பு வருகிற இடம்தான். இரண்டு பேருக்கும் வரவில்லை.

தலையணை உறையை உதறி எல்லாக் கடிதத்தையும் மறுபடி படிக்க வைத்தேன். ஜூலையில் நீ இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அன்றைக்கு அவன் அதை ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் படித்து முடித்தான். அப்போதே எனக்கு உறைத்தது. ஆனால் எதை விட்டான் என்று தெரியவில்லை. நான் சொன்ன பதிலை என்ன செய்தான் என்றும் கேட்டேன். 'வண்டு செத்துக்கொண்டிருக்கிறது, இலை பிசுக்குகிறது, இந்த மருந்தை நிறுத்தச் சொல்' என்று சொல்லியிருந்தேன். அந்த இடத்தில் 'எவ்விதப் பாதிப்பும் காணப்படவில்லை' என்று எழுதியதாக ஒப்புக்கொண்டான். என் வாயில் அப்படி ஒரு பேச்சு வருமா?

"ஏன்டா?" என்றேன்.

"அக்கா வேலை போயிடும்னு அவளே எழுதியிருந்தாப்பா. அம்மா செத்ததுக்கு நம்ம வீட்டுல ஏதாவது செஞ்சவ அவ ஒருத்திதான். அதுவும் தப்பாப் போச்சுன்னு உங்ககிட்ட எப்படிப் படிப்பேன்?"

இதற்கு என்ன பதில் என்று உன்னையே கேட்கிறேன். உனக்குத் தெரிந்தால் நீ சொல்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே யந்திரம் பறந்துவிட்டது. மேட்டு வயல், கால்வாய்க்கு அந்தப் பக்கம், எல்லாம் சாம்பல் பூத்து நிற்கிறது. உன் ஆட்கள் வந்து காலிப் பீப்பாய்க்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.

நேற்றும் இன்றைக்கும் நல்ல மழை. தேன்காரர் வேலிக்கு வந்து, "விடுங்க, எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மழை கழுவாது என்று நீ எழுதியிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

மழை விட்டதும் வேலிப் பக்கம் போனோம். மூலையில் இருக்கிற முள்செடிக்கு யந்திரம் எட்டவில்லை. அதில் ஒரு இலையின் அடியில் மஞ்சளாக முட்டை ஒட்டியிருக்கிறது, கொத்தாக. போலீஸ்காரி முட்டையா, இலைதின்னி முட்டையா, இந்தக் கீறல் கண்ணாடியில் தெரியவில்லை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நசுக்கவும் முடியாது, விடவும் பயமாக இருக்கிறது. சின்னவன் இலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சேற்றில் குந்தியே இருந்தான், காலைத் தூக்கவில்லை.

அது பொரிப்பதற்குள் நீ வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பாதே. படி ஏறி, வீட்டுக்குள் வந்து, என் காதோரம் உட்கார்ந்து, உன் வாயாலேயே சொல்.

அப்பா